ஆப்பம் ஊத்துறவங்களும் சேந்து உக்காந்து சாப்பிடணும்: 24ஆம் தேதி ராத்திரி சாப்பாடும் பிளம் கேக்கும்

எங்க வீட்ல கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி, அதாவது டிசம்பர் 24, ஆப்பமும், தேங்காப்பால்ல காயும் பருப்பும் போட்டு வைக்கிற சொதியும்தான், ஆச்சி காலத்துலேருந்து இது மாறினதே இல்ல. பாளையங்கோட்டைல அன்னைக்கு சாயங்காலம் தெருவுல நடந்தாலே வாசலுக்கு வாசல் ஸ்டார் எரியும், எங்கேயோ தேங்கா துருவுற சத்தம் கேக்கும், ஊசிக்கோபுரம் சர்ச் பக்கம் கேரல் பாட்டு பாடிட்டு ஒரு கூட்டம் போகும். ஆனா எனக்கு சின்ன வயசுலேருந்து ஒரு விஷயம் உறுத்திட்டே இருந்துச்சு. ஆப்பம் சுடச்சுட ஒண்ணொண்ணா ஊத்திப் போடுற பலகாரம், அதனால அம்மா அடுப்பு முன்னாடியே நிப்பாங்க, நாங்க எல்லாரும் சாப்பிட்டு கை கழுவி கதை பேச ஆரம்பிச்சப்புறம் பத்தரை மணிக்கு அம்மா மட்டும் அடுப்பு மேடை ஓரமா நின்னுக்கிட்டே ரெண்டு ஆப்பத்த சொதியில முக்கி சாப்பிட்டு முடிப்பாங்க, மறுநா விடியக்காலை ஆராதனைக்கு எந்திரிக்கணுமேன்னு அதுலயும் ஒரு அவசரம்.

சமையல் என் கைக்கு வந்தப்புறம் நான் மெனுவ மாத்தல, வேலைய மட்டும் நாள் நாளா பிரிச்சு முன்னாடி தள்ளிட்டேன். கேக் 20ஆம் தேதி, இஞ்சிப் பச்சடி 22, மாவாட்டுறது 23 ராத்திரி, சொதி 24 சாயங்காலம் ஆறு மணிக்கு. ராத்திரி எட்டு மணிக்கு மிச்சம் இருக்கிற வேலை ஆப்பம் ஊத்துறது மட்டும்தான், அதையும் எப்படி பங்கு போட்டுக்கலாம்னு கடைசில சொல்றேன். அளவு எல்லாம் ஆறு பேருக்கு.

மொதல்ல கேக், ஏன்னா அதுக்குத்தான் நாள் வேணும். பழம் ஊறப்போடுறதுல ரெண்டு வழி இருக்கு. ரம்மோ பிராந்தியோ ஊத்துற வீடுகள்ல அக்டோபர்லயே ஊறப்போட்டு பாட்டில்ல அடைச்சு வெச்சிருவாங்க, அது கெடாது. எங்க வீட்ல சாராயம் சேக்குறதில்ல, பன்னீர் திராட்சைய வேகவெச்சு பிழிஞ்ச ஜூஸ்லதான் ஊறப்போடுவோம், அதுக்கு அவ்ளோ நாள் தாங்காது. ஒரு வருஷம் மத்தவங்க மாதிரியே மூணு வாரம் முன்னாடி ஜூஸ்ல போட்டு வெளியில வெச்சுட்டேன், தொறந்தப்போ நுரை பொங்கி புளிச்ச வாடை, முக்கால் கிலோ பழத்த அப்படியே கொட்ட வேண்டியதாப் போச்சு. இப்ப நான் பண்றது இதுதான்: 250 கிராம் பழம் (கருப்பு உலர் திராட்சை, கிஸ்மிஸ், பொடியா நறுக்கின பேரீச்சம்பழம், கொஞ்சம் டூட்டி ஃப்ரூட்டி, ஒரு ஆரஞ்சோட தோல துருவினது, வெள்ளைப் பகுதி வராம), அதுல 150 மில்லி திராட்சை ஜூஸ் ஊத்தி சிம்ல ஒரு அஞ்சு நிமிஷம் சூடு பண்ணி, மூடி, ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள். பழம் நல்லா உப்பி தளதளன்னு இருக்கும். சாராயம் இல்லாம பிளம் கேக்கான்னு சில பேர் கேப்பாங்க. தலச்சேரில மாம்பள்ளி பாபு 1883ல வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருத்தருக்காக கிறிஸ்துமஸ் கேக் பண்ணிக் கொடுத்த கதைய கேரளாவுல இன்னைக்கும் சொல்வாங்க, அந்தக் கதையிலேயே அவர் பிராந்திக்கு பதிலா உள்ளூர்ல கிடைச்ச முந்திரிப்பழச் சாராயத்ததான் சேத்தாராம். அந்தந்த ஊர்ல, அந்தந்த வீட்ல எது உண்டோ அத வெச்சு பண்றதுதான் நம்ம பக்கத்துக் கேக்கு.

கேக்குக்கு அந்தக் கருப்புக் கலர் வர்றது கேரமல்னாலதான், எசென்ஸோ கலர் பொடியோ வேணவே வேணாம். கேரமல் காய்ச்சுற அஞ்சு நிமிஷம் மட்டும் போனை எடுக்காதீங்க, குழந்தைங்கள பக்கத்துல விடாதீங்க. அடி கனமான சின்ன பாத்திரத்துல 100 கிராம் சர்க்கரை, ரெண்டு ஸ்பூன் தண்ணி. மொதல்ல வெள்ளையா கொதிக்கும், அப்புறம் ஓரத்துல தேன் கலர் வரும், கரண்டி போட்டு கிண்டாம பாத்திரத்த மட்டும் லேசா சுத்தி விடுங்க. தேன் கலர் வந்ததும் நிறைய பேர் பயந்து அணைச்சிருவாங்க, அங்க நிறுத்தினா கேக் இனிக்கும், ஆனா கலரும் வராது அந்த லேசான கசப்பும் வராது. இன்னும் விடணும். கருப்பட்டிப் பாகு கலருக்கு வந்து, பெரிய குமிழி சின்னச் சின்னக் குமிழியா மாறி, ஒரு நூல் புகை கெளம்பும் பாருங்க, அந்த நொடியில அடுப்ப அணைக்கணும். உடனே தயாரா வெச்சிருக்கிற 100 மில்லி சுடுதண்ணிய தள்ளி நின்னு கைய நீட்டி கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, பச்சைத்தண்ணி ஊத்தினா இன்னும் மோசமா தெறிக்கும், பாகும் கல்லா எறுகிக்கும். ஒருவேளை அத தாண்டிப் போய் கரிஞ்ச வாடை வந்துட்டா மனசத் தேத்திக்கிட்டு கொட்டிட்டு வேற காய்ச்சுங்க, நூறு கிராம் சர்க்கரைய பாத்தா மொத்த கேக்கும் கசந்துரும்.

இனி மாவு. உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடிச்ச சர்க்கரை 150 கிராம், முட்டை 4, மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பட்டைப் பொடி அரை டீஸ்பூன், கிராம்புப் பொடி கால், ஜாதிக்காய் துருவினது கால், சுக்குப் பொடி அரை, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயும் முட்டையும் ஒரு மணி நேரம் முன்னாடியே வெளியில எடுத்து வெச்சிருங்க. ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த முட்டைய அப்படியே உடைச்சு ஊத்தினா வெண்ணெய் திரிஞ்சு மோர் மாதிரி ஆயிரும், அப்படி ஆனா ஒரு ஸ்பூன் மைதா சேத்து அடிங்க, ஓரளவு சரியாகும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் போய் கிரீம் மாதிரி ஆகுற வரைக்கும் அடிக்கணும், பீட்டர்னா அஞ்சாறு நிமிஷம், கையில மரக்கரண்டின்னா இருபது நிமிஷம், இந்த இடத்துல சோம்பல் பட்டா கேக் கனத்துப் போயிரும். முட்டைய ஒண்ணொண்ணா சேத்து அடிச்சு, ஆறின கேரமல ஊத்தி, மூணு தடவை சலிச்ச மைதாவ பேக்கிங் பவுடர், மசாலாப் பொடியோட சேத்து மெதுவா கலந்துவிடுங்க, மைதா போட்டப்புறம் அடிக்கவே கூடாது. பழத்த வடிகட்டி (மிஞ்சின ஜூஸ பத்திரமா வைங்க) ரெண்டு ஸ்பூன் மைதாவுல பெரட்டி சேருங்க, இல்லேன்னா எல்லாம் அடியில போய் உக்காந்துக்கும். முந்திரி ஒரு கைப்பிடி.

8 இஞ்சு வட்ட டின்ல பட்டர் பேப்பர் ரெண்டு மடிப்பா போட்டு, சூடேத்தின அவன்ல 160 டிகிரில 60லேருந்து 70 நிமிஷம். மேல சீக்கிரம் கருக்குற மாதிரி தெரிஞ்சா முக்கால் மணி நேரத்துக்கு அப்புறம் ஃபாயில் மூடுங்க. குச்சி குத்திப் பாத்து மாவு ஒட்டாம வந்தா சரி, பழத்துல குத்தி பிசுபிசுன்னு வந்தா ஏமாந்துராம வேற எடத்துல குத்திப் பாருங்க. அவன் இல்லாதவங்க பெரிய குக்கர்ல அடியில ஒரு இஞ்சு உப்பு பரப்பி, ஸ்டாண்டு வெச்சு, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துட்டு மூடி பத்து நிமிஷம் சூடாக்கி, அப்புறம் டின்ன உள்ள வெச்சு சிம்ல ஒரு மணி நேரத்துக்கு மேல விடுங்க, நான் கல்யாணமான புதுசுல மூணு வருஷம் குக்கர்லதான் பண்ணேன், அருமையாவே வந்துச்சு. ஆச்சி காலத்துல வீட்ல மாவு கலந்து தகரத்துல ஊத்தி பேக்கரிக்கு தூக்கிட்டுப் போவாங்களாம், ரொட்டி எல்லாம் சுட்டு முடிச்ச அடுப்புல வெச்சு வாங்கிட்டு வருவாங்களாம்.

கேக் வெந்ததும் சூடா இருக்கும்போதே எடுத்து வெச்ச ஜூஸ் மூணு நாலு ஸ்பூன் மேல தெளிங்க. முழுசா ஆறினப்புறம் பட்டர் பேப்பர்ல சுத்தி, ஃபாயில் போட்டு டப்பாவுல மூடி வைங்க, அன்னைக்கே வெட்டாதீங்க. 20ஆம் தேதி வெட்டினா உதிரும், மசாலா தனியா பழம் தனியா தெரியும், 23, 24ல வெட்டினா ஈரம் எல்லாப் பக்கமும் பரவி கத்தி வழுக்கிட்டு இறங்கும். அதுக்காகத்தான் இந்த நாலு நாள் முன்கூட்டி. ஜூஸ் கேக் வெளியில அஞ்சு நாள் தாங்கும், அதுக்கு மேல ஃப்ரிட்ஜ்.

22ஆம் தேதி இஞ்சிப் பச்சடி. சொதின்னா இஞ்சிப் பச்சடி இருந்தே ஆகணும், தேங்காப்பால் மந்தம் தட்டாம இருக்க அதுதான்னு பெரியவங்க சொல்வாங்க, அது போக அந்த இனிப்பான பாலுக்கு நடுவுல சுருக்குன்னு ஒண்ணு நாக்குல பட்டாத்தான் இன்னொரு ஆப்பம் எறங்கும். 100 கிராம் இளசான இஞ்சிய தோல் சீவி குறுக்க மெல்லிசா வில்லை போடுங்க, நீளவாக்குல நறுக்கினா நார் பல்லுல மாட்டும். நல்லெண்ணெயில ஆறு வத்தல் மிளகாய வறுத்து எடுத்துட்டு, அதே எண்ணெயில இஞ்சிய ஈரம் வத்தி ஓரம் செவக்குற வரைக்கும் வதக்குங்க. எலுமிச்சை அளவு புளி, அத விட கொஞ்சம் அதிகமா வெல்லம், உப்பு சேத்து அரைச்சு, கடுகு உளுந்தம்பருப்பு பெருங்காயம் தாளிச்ச எண்ணெயில திருப்பி கொட்டி எண்ணெய் பிரியிற வரைக்கும் கிண்டுங்க. பாட்டில்ல போட்டா ஒரு வாரம் கவலையில்ல.

23 சாயங்காலம் ஆப்பத்துக்கு ஊறப்போடணும். பச்சரிசி ரெண்டு கப், இட்லி அரிசி ஒரு கப், உளுந்து மூணு டேபிள்ஸ்பூன், வெந்தயம் அரை ஸ்பூன், எல்லாம் ஒண்ணா அஞ்சு மணி நேரம். ஆச்சி பனங்கள்ளு ஊத்தி புளிக்க வைப்பாங்களாம், அந்த ஆப்பத்தோட வாசனைய அம்மா இன்னமும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாங்க. இப்ப தமிழ்நாட்டுல கள்ளு இறக்கத் தடை, அதனால நாங்க தேங்கா உடைக்கும்போது தண்ணிய பிடிச்சு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு நாள் வெளியில வெச்சு அதத்தான் ஊத்துறோம். தேங்காத்தண்ணி மறந்துட்டா கால் டீஸ்பூன் ஈஸ்ட், தப்பில்ல, ஆனா வாசனை கொஞ்சம் ரொட்டி மாதிரி இருக்கும். அரைக்கும்போது ஒரு கப் சாதம், முக்கால் கப் தேங்கா துருவல் சேத்து வெண்ணெய் மாதிரி நைசா அரைச்சு, தேங்காத்தண்ணி ஊத்தி கையால கலக்குங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டி வெச்சா 24 மத்தியானம் பொங்கி நிக்கும், டிசம்பர் குளிருக்கு 12 மணி நேரம் சில சமயம் கூடவே ஆகும். பொங்கினதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியில எடுத்தா போதும். அதே 23 ராத்திரி சின்ன உருளைக்கிழங்கு அரைக் கிலோ உப்புப் போட்டு வேகவெச்சு, தோல உரிச்சு ஃப்ரிட்ஜ்ல போட்டுருங்க, ஒரு ராத்திரி குளிர்ந்த கிழங்கு வறுக்கும்போது உடையாம மேல மொறுமொறுன்னு வரும். மறுநாள் மிளகாத்தூள், மஞ்சத்தூள், சோம்புத்தூள், பெரட்டி தோசைக்கல்லுல கால் மணி நேரம், சைடு டிஷ் முடிஞ்சது.

24 நாலு மணிக்கு தேங்காப்பால். ரெண்டு பெரிய தேங்கா, மொதல் பால் ஒரு கப் கெட்டியா, ரெண்டாம் பால் ஒன்றரை கப், மூணாம் பால் ரெண்டு கப். மொதல் பால ஃப்ரிட்ஜ்ல வைங்க. நம்ம திருநெல்வேலிச் சொதி சைவப் பிள்ளைமார் வீட்டுக் கல்யாணத்துல மறுவீட்டு விருந்துக்கு வைக்கிறது, ஊர்ல எல்லார் வீட்டுக்கும் பரவி எங்களுக்கு கிறிஸ்துமஸ் சாப்பாடாவே ஆயிருச்சு. இலங்கையில இடியாப்பத்துக்கு ஊத்துற மஞ்சச் சொதி வேற, அது தண்ணியா இருக்கும், இதுல பருப்பும் காயும் உண்டு, மஞ்சள் கிடையாது.

அரை கப் பாசிப்பருப்ப லேசா வறுத்து குழைய வேகவைங்க. உருளை ரெண்டு, கேரட் ரெண்டு, பீன்ஸ் பத்து, முருங்கைக்காய் ஒண்ணு, பச்சைப் பட்டாணி கைப்பிடி, சின்ன வெங்காயம் பதினஞ்சு, பூண்டு பத்துப் பல்லு முழுசா. வெங்காயம் பூண்ட எண்ணெயில கலர் மாறாம வதக்கி, ஏழெட்டு பச்சை மிளகாயும் ஒரு இஞ்சு இஞ்சியும் அரைச்ச விழுது சேத்து, காய் எல்லாம் போட்டு மூணாம் பால்ல வேகவிடுங்க. காய் வெந்ததும் உப்பு, ரெண்டாம் பால், மசிச்ச பருப்பு, ஒரு கொதி. இதோட ஆறு மணிக்கு அடுப்ப அணைச்சிருங்க. சாப்பிட உக்கார்றதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி சூடு பண்ணி, சிம்ல வெச்சு மொதல் பால ஊத்தி கிண்டிக்கிட்டே இருங்க, ஓரத்துல நுரை கட்டி வரும், கொதிக்க விட்டா பால் திரிஞ்சு எண்ணெய் மேல நிக்கும். அணைச்சு ரெண்டு நிமிஷம் கழிச்சு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, நெய்யில கடுகும் கருவேப்பிலையும் முந்திரியும் தாளிச்சு கொட்டுங்க. எலுமிச்சைய அடுப்புல இருக்கும்போது பிழியாதீங்க, கசந்துரும்.

மட்டன் இல்லாம கிறிஸ்துமஸான்னு எங்க மாமா வருஷா வருஷம் கேப்பாங்க. மறுநா மத்தியானம் பிரியாணி இருக்கு, ராத்திரி இப்படி எளிசா சாப்பிட்டாத்தான் விடியக்காலை எந்திரிச்சு கோயிலுக்குப் போக முடியும்.

இப்ப ஆப்பம். மாவுல உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ரெண்டு சிட்டிகை ஆப்ப சோடா, கொஞ்சம் தேங்காப்பால் சேத்து தோசை மாவ விட தண்ணியா கரைங்க. சட்டி மிதமான சூட்டுல இருக்கணும், ரொம்ப காஞ்சிருந்தா மாவு பிடிக்காம சுருண்டுக்கும், சூடு பத்தலேன்னா கண்ணு கண்ணா ஓட்டை விழாது. ஒண்ணேகால் கரண்டி மாவ நடுவுல ஊத்தி ரெண்டு காதையும் பிடிச்சு ஒரே சுத்து, ரெண்டாவது சுத்து சுத்தினா ஓரம் தடிச்சுப் போயிரும். ஓரத்துல மாவு மெல்லிசா ஒட்டி சரசரன்னு ஓட்டை வரும், மிச்ச மாவு தானா நடுவுல போய் குளம் கட்டும், மூடி போட்டு ரெண்டு நிமிஷம். நடு வெள்ளையா பஞ்சு மாதிரி உப்பி, ஓரம் பொன்னிறமா சட்டிய விட்டு தானா பிரிஞ்சு நிக்கும்போது எடுங்க. மூணு கப் அரிசிக்கு 22லேருந்து 25 வரும்.

பங்கு போடுறது இப்படி. ரெண்டு சட்டி வாங்கிக்கோங்க, ஒண்ணு இரும்பு, ஒண்ணு நான்ஸ்டிக்கா இருந்தாலும் சரி, ரெண்டு அடுப்புலயும் ஒரே நேரம் ஓட்டுங்க. ஏழரைக்கு ஆரம்பிச்சு மொதல் பன்னெண்டு ஆப்பத்த அகலமான தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு படாம ஆறவிட்டு, அடியில பருத்தித் துணி விரிச்ச ஹாட் பாக்ஸ்ல வைங்க. ஓரம் கொஞ்சம் இளகத்தான் செய்யும், இருந்துட்டுப் போகட்டும், எட்டு மணிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஜெபம் பண்ணி ஒண்ணா கை வைக்கிறது அந்த மொறுமொறுப்ப விட பெருசு. அந்தப் பன்னெண்டு முடிஞ்சப்புறம் ஆளுக்கு பத்து நிமிஷம் முறை. எங்க வீட்ல மொதல் முறை எங்க வீட்டுக்காரங்க, அப்புறம் பெரியவன், அவனுக்கு பதினாலு வயசு, மொத வருஷம் மூணு ஆப்பம் பிஞ்சுச்சு, இப்ப என்ன விட வட்டமா சுத்துறான். அம்மா இப்ப எங்ககூடத்தான் இருக்காங்க. போன வருஷம் பேரன் சட்டியிலேருந்து எடுத்த ஆப்பத்த நேரா அவங்க தட்டுல வெச்சான், அம்மா அந்த ஓரத்த மட்டும் பிச்சு வாயில போட்டு கடகடன்னு கடிச்சுட்டு, இத நான் இப்படி உக்காந்து சாப்பிட்டதே இல்லியேன்னு சொன்னாங்க.

சாப்பாடு முடிஞ்சு கேக் வெட்டி அக்கம்பக்கத்துக்கு தட்டு கட்டும்போது ஒரு விஷயம் கவனிங்க. எதுத்த வீட்டு அத்தை முட்டை சேக்க மாட்டாங்க, கேக்குல முட்டை உண்டு, எங்க வீட்டு அச்சுமுறுக்குலயும் உண்டு, அதனால அவங்க தட்டுக்கு முந்திரிக்கொத்தும் வாழைப்பழமும் மட்டும், எடுக்குற கை கூட கேக் வெட்டின கையா இருக்கக் கூடாதுன்னு தனியா முன்னாடியே கட்டி வெச்சிருவேன். தீபாவளிக்கு அவங்க நமக்கு அப்படித்தான் பாத்துப் பாத்து அனுப்புறாங்க.

மாவு மிஞ்சினா ஃப்ரிட்ஜ்ல வைங்க. 25 காலைல ஆராதனை முடிஞ்சு வந்ததும் ஆப்பம் ஊத்தி, நடுவுல ஒரு முட்டைய உடைச்சு விட்டு, மிளகுத்தூள் தூவி மூடி வெச்சா கூட கொழம்பே வேணாம்.